ஒரு கண்ணுக்கு மட்டும் மேகம்

மேல் அணை
12 ஆகஸ்ட் 2024

2024 ஆகஸ்ட் 10, சனி, காலை மணி 9.40. கரும்புள்ளிகள் பதினான்கு. நாற்பத்தோராம் நாள்.

அக்கா முத்துராணிக்கு,

மேலே இருப்பது நீ எடுத்த படத்தின் கணக்கு. இனி என் கடிதம் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். தேதி, மணி, எண்ணிக்கை. பிறகுதான் மற்றது.

மற்றது: நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு கேன்டீனில். இங்கே வந்த இருபது நாளில் சூரியனை மொத்தமாக இரண்டு மணி நேரம் பார்த்திருப்பேன். ஜன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வந்து நிற்கிறது. மின் நிலைய வேலைக்கு நல்ல இடம், டெலஸ்கோப்புக்கு ஆகாது. அதனால்தான் அதை அம்பாசமுத்திரத்து மாடியில் உன்னிடம் விட்டு வந்தேன். செல்போன் டவர் கிடையாது. ஆபீஸ் லைன் ஒன்று உண்டு, அணையின் நீர்மட்டத்தைக் கீழே சொல்வதற்கு மட்டும். ஆகவே கடிதம்தான். காசிலிங்கம் அண்ணாச்சி கண்டக்டராக வரும் பஸ் தினமும் ஏறி இறங்குகிறது. கேமராவின் மெமரி கார்டைக் கடிதத்துக்குள் வைத்து அவரிடம் கொடு. இங்கே லேப்டாப்பில் பார்த்துக்கொள்கிறேன்.

முறையை மறுபடி சொல்கிறேன். தினமும் 9.40. டெலஸ்கோப்பின் முன்வாயில் அந்த வெள்ளிப் பூச்சுக் கண்ணாடி, அதாவது ஃபில்டர், மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் கண்ணை வைத்தால் கண் போய்விடும். அது இருந்தால் பயமில்லை. டெலஸ்கோப்பின் பின்னால் மாட்டியிருக்கும் கேமராவின் பின்திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்யாதே. வெயிலில் ஒன்றும் தெரியாது, பாட்டரியும் தீரும். மேலே கண் வைக்கும் துளையில் வலது கண்ணை வை. இருப்பதிலேயே சின்னப் புள்ளியைப் பிடி. அது ஊசி முனை மாதிரித் தெரியும்வரை திருகு. ஷட்டர் ஆயிரத்தில் இருக்கிறது. தொடாதே.

ஒரு வருஷத்துச் சூரியன், 365 படம், ஒரே தாளில் வரிசையாக. யாரும் சொல்லாமல் நானாகத் தொடங்கிய ஒரே வேலை இது. ஒரு நாள்கூட விடாதே. மேகம் மறைத்தால் மேகத்தைப் படம் எடு.

பேச்சிராஜ்

*

உ

அம்பாசமுத்திரம்
18.8.24

தங்கத் தம்பி பேச்சிராஜுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். மலைக்காற்றில் உனக்குச் சளி கட்டாமல் இருக்கவேண்டும் என்று சொரிமுத்தையனாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

உன் கடிதத்தைப் பிரித்ததும் உன் அத்தான் கேட்டார், “ஏட்டி, உன் தம்பி லெட்டர் எழுதுதானா, மீட்டர் ரீடிங் எழுதுதானா?” நான் சொன்னேன், “அவன் பிறந்தப்பவே நர்சம்மாகிட்ட மணி என்னன்னு கேட்டவன்லா.” சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அறுப்பு மிஷினை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்புகிறார். வர ஐப்பசி முடிந்துவிடும்.

கார்டைக் கொடுக்கப் போனால் காசிலிங்கம் அண்ணாச்சி விடுவதில்லை. “என்ன தாயி, இன்னைக்கும் சூரியனா? எங்க பஸ்ல சூரியன் ஏறுதது இதுதான் முதல் தடவை. டிக்கெட் அரையா முழுசா?” என்கிறார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒன்பது கல்யாண ஜாக்கெட் வந்திருக்கிறது. எல்லாம் ஆரி வேலை, கொக்கி ஊசிப் பூத்தையல். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, காலையில் உட்கார்ந்தால் ஒன்பதரைக்கு எழுந்து மாடிக்குப் போகிறேன். ஊசி முனை மாதிரித் தெரியவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்த முனையைப் பார்த்துத்தானே என் பிழைப்பு ஓடுகிறது. படம் முடித்து வந்து மறுபடி துணியைப் பார்த்தால் கொஞ்ச நேரம் எல்லாம் பச்சையாகத் தெரியும். அப்புறம் சரியாகிவிடும்.

நேற்றுச் சாயங்காலம் நிலாவையும் ஒரு படம் எடுத்தேன். அதற்கு வெள்ளிக் கண்ணாடி வேண்டாம் என்று நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய். குழி குழியாக நம் தெரு மாதிரியே இருந்தது. எனக்குச் சூரியனைவிட அதுதான் பிடித்தது. பார், சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

உன் அக்கா
முத்துராணி

*

மேல் அணை
24 செப்டம்பர் 2024

2024 செப்டம்பர் 21, சனி, காலை மணி 9.40. கரும்புள்ளிகள் ஒன்பது. எண்பத்து மூன்றாம் நாள்.

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் இருக்காது.

ஒன்பது என்று எழுதியிருக்கிறேன், முதலில் பத்து என்று எண்ணினேன். பத்தாவது அழுக்கு. போன இரண்டு வாரத்துப் படம் எல்லாவற்றிலும் இடது மேல் மூலையில், ஒரே இடத்தில், ஒரே அழுக்கு. ஃபில்டரில் தூசி படிந்திருக்கிறது. துடை. நன்றாகத் துடை.

அடுத்தது ஃபோகஸ். ஆறு படம் மந்தம். நீ துளையில் கண்ணை வைத்ததும் எடுத்துவிடுகிறாய் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஜாக்கெட் காத்திருக்கட்டும். ஒரு நிமிஷமாவது கண்ணை எடுக்காமல் பார்த்துத் திருகு.

பச்சையாகத் தெரிவது எல்லாருக்கும் வருவது. அதை எழுதி இடத்தை வீணாக்காதே.

நிலா படம் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் கேட்கவில்லை.

பேச்சிராஜ்

*

உ

அம்பாசமுத்திரம்
13.10.24

கோபக்காரத் தம்பிக்கு அக்காவின் அன்பு.

நான் சுகம். நீ சுகமாக இருப்பது நீ திட்டுவதிலேயே தெரிகிறது.

உன் குறையைத் தீர்த்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டை ஒழுங்குபண்ணி எல்லாவற்றையும் இறக்கினேன். தையல் மிஷின், கத்தரிக்கோல், ஆரிச் சட்டம், உன் டெலஸ்கோப், முக்காலி ஸ்டாண்டு. குத்துவிளக்கு, வெள்ளிக் குங்குமச் சிமிழ், உன் வெள்ளிக் கண்ணாடி மூன்றையும் சேர்த்து உட்கார்ந்து துலக்கினேன். கண்ணாடியில் ஏதோ மங்கல் மாதிரி இருந்தது, அதுவும் போய்ப் பளபளவென்று ஆகிவிட்டது. பூஜையில் டெலஸ்கோப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். லென்சில் படவில்லை, பயப்படாதே. குழாய்க்கு மேலேதான் வைத்தேன்.

இனிமேல் உனக்கு அழுக்கு என்ற பேச்சே வராது. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கோடு சேர்த்துத் துலக்கிவிடுகிறேன்.

ஜாக்கெட் குவிந்துவிட்டதால் பிரேமலதா என்று ஒரு பெண்ணைக் கூட வைத்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வருகிறாள். கை சுறுசுறுப்பு, வாய் அதைவிட. உன் டெலஸ்கோப்பைப் பார்த்துவிட்டு, “யக்கா, உங்க தம்பி சூரியனுக்கு ஜாதகம் எழுதுதாரா?” என்று கேட்டாள்.

நீ சொன்னபடி ஒரு நிமிஷம் கண்ணை எடுக்காமல் பார்க்கிறேன். ஃபோகஸ் இப்போது சரியா?

உன் அக்கா
முத்துராணி

*

மேல் அணை
21 அக்டோபர் 2024

2024 அக்டோபர் 19, சனி, காலை மணி 9.40. எண்ண முடியவில்லை. நூற்றுப் பதினோராம் நாள்.

அக்கா,

நான் இருக்கிறேன். படம் இல்லை.

பன்னிரண்டாம் தேதியிலிருந்து எல்லாப் படமும் வெளிச்சம் அதிகம். பத்தொன்பதாம் தேதிப் படம் வெள்ளைத் தட்டு. சின்னப் புள்ளிகள் எல்லாம் அதில் கரைந்துவிட்டன. ஷட்டரைத் தொடாதே என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். நீயோ அந்தப் பிரேமலதாவோ திருகியிருக்கிறீர்கள். சந்தனம் வைக்கும்போது பட்டிருக்கலாம். யார் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

இனி நாலாயிரத்தில் வை, வெளிச்சம் கால்வாசியாகக் குறையும். வலப்பக்கச் சக்கரத்தில் 4000 என்று இருக்கும். அதற்கு மேல் கிடையாது. வைத்துவிட்டு அந்தப் பெண்ணை மாடிப்பக்கம் விடாதே.

பேச்சிராஜ்

*

உ

அம்பாசமுத்திரம்
27.10.24

தம்பி பேச்சிராஜுக்கு,

சுகம். உன் அத்தான் தஞ்சாவூரில் மழையில் மாட்டிக்கொண்டு மிஷினுக்கு மேல் தார்ப்பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். தீபாவளிக்கு வரமாட்டார். நீயும் வரமாட்டாய். நானும் பிரேமலதாவும்தான் அதிரசம் சுட்டுத் தின்னவேண்டும்.

ஷட்டரை யாரும் தொடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனாலும் நீ சொன்ன மாதிரி நாலாயிரத்தில் வைத்துவிட்டேன். பிரேமலதாவிடம் கேட்டதற்கு, “நான் ஏங்க்கா அதைத் தொடுதேன். அதைப் பாத்தாலே உங்க தம்பி குழாய்க்குள்ள இருந்து முறைக்குத மாதிரி இருக்கு” என்கிறாள்.

ஒன்று கேட்கவேண்டும். இப்போது துளையில் கண் வைத்தால் முன்னைவிடக் கூசுகிறது. தண்ணீர் வருகிறது. வெயில் ஏறிவிட்டதா, என் கண்தான் அசந்துவிட்டதா தெரியவில்லை. ஒரு நிமிஷம் பார்க்கமுடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன். அதைக் கொஞ்சம் குறைக்கலாமா?

அதிரசம் நாலு வைத்து அனுப்பியிருக்கிறேன். அண்ணாச்சி ஒன்று எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார், ஆகவே மூன்று.

உன் அக்கா
முத்துராணி

*

மேல் அணை
30 அக்டோபர் 2024

அக்கா,

மூன்றும் வந்தது. நன்றாக இருந்தது.

அணை நிரம்புகிறது, மதகுக்கு ஆள் போதாது. ஷிப்டுக்கு நடுவில் எழுதுகிறேன். எண்ணிக்கை இல்லை, படம் இன்னும் வெள்ளையாகவே வருகிறது.

கூசினால் போகப் போகப் பழகும். ஒரு நிமிஷத்தைக் குறைக்காதே. வெள்ளைத் தட்டின் ஓரமாவது இப்போதுதான் கூர்மையாக வருகிறது.

பேச்சிராஜ்

*

உ

அம்பாசமுத்திரம்
5.11.24

தம்பிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தீபாவளி நல்லபடியாகப் போனது. உனக்கு எடுத்த சட்டை பீரோவில் இருக்கிறது.

பிரேமலதா நன்றாக வேலை பழகிவிட்டாள். கொக்கிப் பின்னல் எல்லாம் அவள்தான் போடுகிறாள். நான் துணி வெட்டுகிறேன், பட்டன் வைக்கிறேன், மேற்பார்வை பார்க்கிறேன். முதலாளி ஆகிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஒரு வேடிக்கை கேள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்றாம் பிறை பார்க்க மாடிக்குப் போனோம். பிரேமலதா, “அங்கன பாருங்க யக்கா, தென்னை மட்டைக்கு மேல” என்று காட்டினாள். கும்பிட்டேன். அப்புறம் சும்மா இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன், பிறை இல்லை. வலது கண்ணைப் பொத்தினேன், இருக்கிறது. மறுபடி இடது கண்ணைப் பொத்தினேன், தென்னை மட்டை இருக்கிறது, பிறை மட்டும் இல்லை. மேகம் வந்துவந்து போகிறது போல என்று சொன்னேன். “மேகமே இல்லையேக்கா” என்றாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்.

கார்டு உள்ளே இருக்கிறது. நூற்று இருபத்தெட்டு நாளும் விடாமல் எடுத்திருக்கிறேன். சரிதானே?

சாப்பிடு.

முத்துராணி

*

மேல் அணை
8 நவம்பர் 2024, காலை மணி 6.10

அக்கா,

நிறுத்து. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷத்திலிருந்து டெலஸ்கோப்பிலோ கேமராவிலோ கண்ணை வைக்காதே. ஃபில்டரைத் தொடாதே. மூடியைப் போட்டு மூடிவிடு.

மேகம் ஒரு கண்ணுக்கு மட்டும் மறைக்காது.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போயிருந்தது. அதைக் கிண்டல் செய்து எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறையைப் பற்றி நீ எழுதியிருந்த வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எந்த ஷட்டரில் எடுத்தது என்று பதிந்திருக்கும். ஒரு சொடுக்கு. இவ்வளவு நாள் நான் அதைப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் தேதி: ஆயிரம். பத்தொன்பது: ஆயிரம். நீ எதையும் தொடவில்லை. நீ சொன்னது உண்மை. நாலாயிரத்துக்கு மாற்றின பிறகும் படம் வெள்ளை என்றால் வெளிச்சம் வாரத்துக்கு வாரம் கூடுகிறது. சூரியன் கூடாது. ஃபில்டரின் பூச்சு போகிறது.

எதைப் போட்டுத் துலக்கினாய்?

இன்றே கண் டாக்டரிடம் போ. பிரேமலதாவைக் கூட்டிக்கொண்டு போ. காலை பஸ்ஸில் கொடுத்தால் மதியத்துக்குள் உன்னிடம் வந்துவிடும்.

காலை 11. பஸ் வரவில்லை.

மாலை 4. பாதி மலையில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடக்கிறதாம். ஆபீஸ் லைனில் சொல்லலாம் என்று ஓடினேன். அதுவும் செத்துக் கிடக்கிறது. கம்பம் சாய்ந்திருக்கும்.

நவம்பர் 9. மழை. எட்டு மணிக்கு நடந்தே இறங்கிவிடலாம் என்று கிளம்பினேன். இரண்டாவது வளைவில் ஓடை ரோட்டுக்கு மேல் போகிறது. சூப்பர்வைசர் நூர்முகம்மது பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்தார். “எங்கலே போற? மதகுல நீயும் நானும்தான் இருக்கோம். நீ இதுல போனா நான் மதகைப் பாக்கவா, உன்னைத் தேடவா?” காரணத்தைச் சொன்னேன். அவர் சட்டையை விட்டார். குடையைக் கொடுத்துத் திருப்பி அழைத்து வந்தார்.

நவம்பர் 10. மழை. பஸ் இல்லை.

நவம்பர் 11. இங்கே கொட்டும்போது அம்பாசமுத்திரத்தில் சுள்ளென்று வெயில் அடிப்பது உண்டு. எனக்கு இங்கிருந்து தெரியாது. நூற்று முப்பத்து மூன்று நாளும் 9.40க்கு உன் மாடிக்கு மேல் வானம் வெளுத்திருக்கவேண்டும் என்று கேட்டவன், இன்று 9.40க்கு ஜன்னலில் நின்று மேகம் வேண்டும் என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று தெரியவில்லை. 9.41 வரை நின்றேன்.

நவம்பர் 12. ஒன்றும் இல்லை.

நவம்பர் 13. ஒன்றும் இல்லை. ஊரில் யார் சொன்னாலும் கேட்காத அகராதி பிடித்த ஆள் நீ, நான் சொன்னால் மட்டும் கேட்பாய். கேட்காமல் இரு. ஒரு நாளாவது கேட்காமல் இரு.

நவம்பர் 15. மண்ணுக்கு அந்தப் பக்கம்வரை பஸ் வருகிறதாம். எஸ்டேட் ஆட்கள் இருவர் நடந்து கடக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கிறேன்.

பேச்சிராஜ்

*

அம்பாசமுத்திரம்
19.11.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் சுடலைமணி எழுதுவது. நீங்கள் மழையில் பத்திரமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்குள்ள சுகத்தைக் கீழே எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி சாயங்காலம் காசிலிங்கம் அண்ணாச்சியே வீடுவரை வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். நான் அன்று காலையில்தான் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தேன். முத்துராணி பிரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “வெளிச்சம் பத்தல, நீங்க படிங்க” என்று நீட்டினாள். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

நான் படித்தேன். எதைப் போட்டுத் துலக்கினாய் என்ற இடத்தில் நிறுத்தினேன். “விபூதி போட்டுத்தான். வெள்ளியை வேற எதைப் போட்டு துலக்குவாக?” என்றாள். ஃபில்டரை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். சல்லடை மாதிரி இருந்தது.

எட்டாம் தேதியிலிருந்து பதினைந்து வரைக்கும் இங்கே நாலு நாள் நல்ல வெயில், மாப்பிள்ளை. நாலு நாளும் எடுத்திருக்கிறாள். வலது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்று இடது கண்ணை வைத்து எடுத்திருக்கிறாள். “ஏட்டி, ஒரு கண்ணு போச்சுன்னு தெரிஞ்சும் எதுக்கு அடுத்ததை வெச்சே?” என்று கேட்டேன். “ஒரு நாள்கூட விடாதேன்னு எழுதியிருக்கான்லா” என்றாள்.

திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனிதர். படம் எடுத்துப் பார்த்தார்.

“வலிச்சுதாம்மா?”

“இல்ல சார். கூசிச்சு.”

“வலிக்காது. கண்ணுக்குப் பின்னாடி சுட்டா வலி தெரியாது.”

நான் கேட்டேன், “சொட்டு மருந்து?”

“பிரயோஜனம் இல்ல.”

“ஆபரேஷன்?”

“இதுக்குக் கிடையாது.”

“அப்ப என்ன சார் செய்ய?”

“காத்திருங்க. ஆறு மாசம் ஆகட்டும். இடது கண்ணு கொஞ்சம் தெளியலாம். வலதுல நடுப்பார்வை திரும்புதது கஷ்டம்.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். எனக்கு மிஷின் ரிப்பேர் ஆனால் கழற்றிப் பார்க்கத் தெரியும். உங்களுக்கும் அப்படித்தான். இதை எங்கே கழற்ற?

உங்கள்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும் என்று நான்கு நாளாகப் பார்க்கிறேன். வருகிறது, அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விடுகிறது. அவள் உங்களைப் பற்றித்தான் கேட்கிறாள். “அவன் சாப்பிட மாட்டானே இப்ப” என்கிறாள்.

சாப்பிடுங்கள்.

இப்படிக்கு
சுடலைமணி

*

உ

அம்பாசமுத்திரம்
26.11.24

என் தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்லப் பிரேமலதா எழுதுகிறாள். அவளுக்கு எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, உனக்கும் படிக்கச் சுலபம்.

நான் சுகம். சமைக்கிறேன், நடக்கிறேன், துணி துவைக்கிறேன். ஆற்றுக்குக்கூடப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். ஓரத்தில் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நேராகப் பார்த்தால்தான் ஒரு சாம்பல் பொட்டு. யாரையாவது பார்க்கவேண்டும் என்றால் அவர்கள் காதைப் பார்க்கிறேன், முகம் தெரிந்துவிடுகிறது. உன் அத்தான், “என் காதுல என்ன இருக்கு?” என்று கேட்கிறார். சிரிப்பாக இருக்கிறது.

நீ எழுதாமல் இருக்கிறாய். உன் அத்தான் கடிதம் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. ரோடும் திறந்துவிட்டது. தினமும் பஸ் நேரத்துக்கு வாசலுக்கு வருகிறேன். அண்ணாச்சி தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

உன்மேல் ஒன்றும் இல்லையடா. அழுக்கு என்று நீ சொன்னாய், நான் எனக்குத் தெரிந்த மாதிரி சுத்தம் செய்தேன். கேட்டிருக்கலாம். நீ திட்டுவாய் என்று கேட்கவில்லை. டெலஸ்கோப்பை ஒன்றும் செய்துவிடாதே. வேறு கண்ணாடி போட்டு நீயே எடு. இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

வேலை எல்லாம் நடக்கிறது.

உன் அக்கா
முத்துராணி

அண்ணே, வணக்கம். நான் பிரேமலதா. இது அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வேலை நடக்கவில்லை. நாலு கல்யாண ஜாக்கெட் பாதியில் நிற்கிறது. எனக்கு அந்த அளவுக்கு வராது. நேற்று அக்கா ஆரிச் சட்டத்தைக் கழற்றிக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் எல்லாரும் “விபூதி போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கிட்டா” என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர் பிடிக்கிறார்கள். எழுதுங்கள்.

*

மேல் அணை
2 டிசம்பர் 2024

2024 டிசம்பர் 2, திங்கள், காலை மணி 9.40. எண்ணிக்கை இல்லை.

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேட்டிருக்கவேண்டும். பழக்கத்தில் மறுபடி தேதியை எழுதிவிட்டேன். கிழித்துக் கிழித்து எழுதியதில் இது ஒன்பதாவது தாள்.

அத்தான் இதை உனக்குப் படித்துச் சொல்லும்போது, நிறுத்தாமல் படிக்கச் சொல்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. படத்தில் ஒரே இடத்தில் விழுந்த அந்த அழுக்கு ஃபில்டரில் இல்லை. ஃபில்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறது. அதில் தூசி இருந்தால் படத்தில் புள்ளியாக விழவே விழாது. கேமராவுக்கு உள்ளே, சென்சாரில் தூசி இருந்தால்தான் அப்படி ஒரே இடத்தில் வரும். இது எனக்குத் தெரியும். வேறு யார் கேட்டிருந்தாலும் சரியாகச் சொல்லியிருப்பேன். அன்று ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று, யோசிக்காமல், ஃபில்டரைத் துடை என்று எழுதிவிட்டேன். துடைக்க வேண்டிய பொருளே அது இல்லை, அக்கா. நீ கேட்டிருந்தாலும் நான் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

கூசுகிறது என்று எழுதினாய். பழகும் என்றேன்.

பத்து நாளாக எழுதாததற்குக் காரணம் இதுதான். இதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாக இருந்தது. சொன்ன பிறகும் உன் கண்ணில் ஒன்றும் மாறப்போவதில்லை. இங்கே ஒரு வால்வு கெட்டால் எங்கே அடைப்பு, எந்தத் திருகு, எத்தனை மணி நேரம் என்று எனக்குத் தெரியும். மூன்று ராத்திரி தாளில் படம் போட்டுப் பார்த்தேன், கண், அதன் பின்சுவர், நடுவில் அந்த இடம். குண்டூசித் தலை அளவுகூட இல்லை. அதற்குள் எதையும் கொண்டுபோக வழி இல்லை.

பிரேமலதாவைத் திட்டாதே. அவள் எழுதியதால்தான் இன்று எழுதுகிறேன்.

செய்யப்போவது:

1. டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை, காலை பஸ்ஸில் இறங்குகிறேன். நூர்முகம்மது மூன்று நாள் லீவு கொடுத்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

2. டாக்டரிடம் உன்னோடு நான் வருவேன். எத்தனை நாள், நாளைக்கு எத்தனை நிமிஷம், எந்தக் கண் என்று அவர் கேட்டால் பதில் சொல்லவேண்டியவன் நான்.

3. பாதியில் நிற்கும் நாலு ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பிரேமலதாவோடு அந்த நாலு வீட்டுக்கும் போவேன். என்ன நடந்தது என்று நானே சொல்வேன். நீ வாசலில் நிற்கவேண்டாம்.

4. தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க மூன்று நாளும் நான் போவேன். அங்கே யாராவது விபூதி என்று வாயெடுத்தால், துடைக்கச் சொன்னவன் நான்தான், தப்பாகச் சொன்னேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வேன். அதற்கும் சிரித்தால் சிரிக்கட்டும்.

5. நீ என் காதைப் பார்த்துப் பேசும்போது நான் தலையைத் திருப்பாமல் இருப்பேன்.

6. ஆறு என்று எண்ணைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். எதை எழுதினாலும் அது உன் கண்ணுக்கு உதவாது. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. நீ சொல்.